ஞாயிற்றுக்கிழமை மட்டும் அணையும் பெட்டி

அந்தப் பெட்டி உங்கள் முட்டியில் இடிக்கிறதா, தம்பி? இடித்தால் சொல்லிவிடுங்கள், என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். மேலே பலகையில் வைக்கச் சொன்னார் கண்டக்டர், நான் மாட்டேன் என்றுவிட்டேன். உள்ளே இருப்பது கம்ப்யூட்டர். வேட்டியில் சுற்றியிருப்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கண்டக்டர் கோழிக்குஞ்சு என்று நினைத்துக் காது வைத்துக் கேட்டார். நாமக்கல்லில் ஏறுகிற பெட்டி எல்லாம் அவருக்குக் கோழிக்குஞ்சுதான்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டிரைவர் பிரேக் போட்டால் என் காலும் பிரேக் போடும். ராசிபுரத்தில் உங்கள் செருப்பை மிதித்தேன் அல்லவா, அது அப்படி வந்ததுதான். வேண்டுமென்று செய்யவில்லை. நான் ஓசூர் போகிறேன். நீங்கள் கிருஷ்ணகிரியா? அப்படியென்றால் நேரம் இருக்கிறது. உங்களைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர் மாதிரி இருக்கிறது, கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், என் பேரில் என்ன தப்பு என்று.

என் பெயர் நல்லுசாமி. ஒரு தீவன மில்லில் இரவு வேலை. எடைமேடை பார்க்கிறேன். மக்காச்சோள லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும், எடை எழுதுவேன். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வரும், மறுபடி எழுதுவேன். முதலில் இருந்ததில் இதைக் கழித்தால் சரக்கு. இருபத்திரண்டு வருடமாக இதுதான். ஒருவன் நாக்பூரில் மழை என்பான், ஒருவன் குஜராத்தில் டீயில் இஞ்சி அதிகம் என்பான். எல்லாரும் எங்கிருந்தோ வந்து எங்கோ போகிறார்கள். நான் ஜன்னலுக்குள் உட்கார்ந்து அவர்களைக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கும் லாரி ஓட்டத்தான் ஆசை. எங்கள் ஊரில் பிறந்துவிட்டு வேறு எதற்கு ஆசைப்பட முடியும். இருபத்து மூன்று வயதில் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உனக்குக் கை நல்ல கைடா. கண்ணு நல்ல கண்ணு. காலு மட்டும் பயந்த காலு" என்றார். ஆடு குறுக்கே வந்தால் எல்லாரும் பிரேக் போடுவார்கள். நான் ஆடு வரும் என்று நினைத்தாலே போடுவேன். மூன்று முறை தேர்வுக்குப் போய் மூன்று முறையும் திரும்பி வந்தேன். அதிகாரி என் வண்டியில் ஏறும்போதே முன்பலகையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்.

இந்தக் கம்ப்யூட்டர் என் பெண்ணுடையது. தாரணி என்று பெயர். ஒரே பெண். கல்லூரிக்காக வாங்கினோம். படிப்பு முடிந்து ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததும் அவள் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள், இது வீட்டில் தங்கிவிட்டது. முதல் போனஸில் அவள் அம்மாவுக்குப் புடவை எடுத்தாள். எனக்கு ஒரு ஸ்டீயரிங் வாங்கி வந்தாள். நிஜமான ஸ்டீயரிங் மாதிரி, கீழே மூன்று பெடல். கம்ப்யூட்டரில் சொருகினால் லாரி ஓட்டலாம். விளையாட்டுதான். ஆனால் கண்ணாடியில் மழை விழும், வைப்பர் ஓடும், ரிவர்ஸ் எடுத்தால் பீப் பீப் என்று கத்தும். ஏதோ பனி பெய்கிற வெளிநாடு. ஆடே கிடையாது தம்பி, அந்த நாட்டில் ஆடே கிடையாது. என் காலுக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஞாயிறு பதினொரு மணிக்கு அவள் ஓசூர் அறையில் உட்காருவாள், நான் இங்கே உட்காருவேன். இரண்டு லாரி, அவள் முன்னால், நான் பின்னால். காதில் மைக் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே போவோம். போனில் எனக்குப் பேச வராது. சாப்பிட்டாயா என்பேன், சாப்பிட்டேன் என்பாள், அவள் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். வாரத்தில் ஆறு நாள் நான் விழித்திருக்கும்போது வீடு தூங்குகிறது, வீடு விழித்திருக்கும்போது நான் தூங்குகிறேன். பெண் எப்போது பூப்பெய்தினாள், எப்போது கண்ணாடி போட்டாள், எல்லாமே எனக்குச் செய்தியாகத்தான் வந்தது. லாரியில் ஏறினால் மட்டும் பேச வருகிறது. கண் ரோட்டில் இருப்பதால் வாய் தானாகப் பேசுகிறதோ என்னவோ. நாக்பூர் மழையைச் சொல்வேன். அவள் சிரிப்பாள். அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கு ஞாயிறு. மற்றதெல்லாம் துணி துவைப்பது.

அந்த ஞாயிறுக்குத்தான் ஆபத்து வந்துவிட்டது.

ஜூன் மாதம். ஓட்டிக்கொண்டே இருக்கிறேன், திரை கருப்பு. மின்விசிறிச் சத்தமும் நின்றுவிட்டது. குனிந்து கீழே பார்த்தேன், ஜங்ஷன் பாக்ஸில் சிவப்பு விளக்கு எரிகிறது. கரண்ட் இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு உள்ளே, சரிதானே?

நான் யாரிடமும் படித்தவன் இல்லை. எடைமேடைக் கம்ப்யூட்டரை நானே கழற்றி நானே மாட்டிக் கற்றுக்கொண்டவன். என் முறை எளிய முறை. லாரியைப் போலத்தான். ஒவ்வொன்றாக இறக்கு, மறுபடி எடை பார். எதை இறக்கியதும் நோய் போகிறதோ அதுதான் நோய். அதற்கு ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, மணி, ஏற்றிய சரக்கு, மேடா சமதளமா, கம்ப்யூட்டரின் சூடு எவ்வளவு, எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டி எழுதினேன். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். எடைச்சீட்டிலும் அது இருக்கும், அதில் யாரும் ஒன்றும் எழுத மாட்டார்கள். எனக்கு வெறும் கட்டம் பிடிக்காது. அதனால் அப்போது தாரணி என்ன பேசிக்கொண்டிருந்தாள் என்பதை அதில் எழுதி நிரப்பினேன்.

இதோ பாருங்கள், பையிலேயே இருக்கிறது. ஜூன் ஒன்பது. பதினொன்று நாற்பது. சரக்கு பாலாடைக்கட்டி. மேடு. குறிப்பு: 'அப்பா, எனக்கும் இருபத்தாறு ஆகப்போகுது.' அணைந்தது. ஜூன் பதினாறு. சரக்கு மரப்பலகை. சமதளம். குறிப்பு: 'உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ப்பா.' அணைந்தது. ஜூன் இருபத்து மூன்று. சரக்கு வாஷிங் மெஷின். சுரங்கப்பாதை. குறிப்பு: 'கிளாட்வின்னு...' அணைந்தது.

மூன்று சரக்கும் வேறு, மூன்று ரோடும் வேறு. பார்த்தீர்களா, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எவ்வளவு சிக்கலான கோளாறு என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

கிளாட்வின் என்பது ஏதோ உதிரிபாகம் என்று நினைத்தேன். நம் கோளாறைப் பற்றிப் பெண் ஓசூரில் விசாரித்துச் சொல்கிறாளாக்கும் என்று மறுநாளே பரமத்தி ரோட்டில் தஸ்தகீர் பாய் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், கிளாட்வின் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் முகத்தை மாற்றாமல், "இருந்துச்சுண்ணே, தீந்துபோச்சு. வேற கம்பெனி தரட்டுமா" என்றார். வியாபாரி.

முதலில் ரேமைக் கழற்றினேன். ரேம் என்பது கம்ப்யூட்டரின் ஞாபகம், சின்ன அட்டை. அதன் பல்லை அழிரப்பரால் தேய்த்து மாட்டினால் பாதி நோய் போய்விடும். தேய்த்தேன். அடுத்த ஞாயிறு இரண்டரை மணி நேரம் ஓடியது, ஒரு கோளாறும் இல்லை. அன்றைய குறிப்பைப் பாருங்கள்: தக்காளி, ஹாஸ்டல் சாம்பார், பக்கத்து அறைப் பெண்ணின் பூனை. அழிரப்பர்தான் காரணம் என்று தெருவுக்கே சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறு, 'அப்பா, போன வாரம் சொல்ல வந்தத' என்றாள். அணைந்துவிட்டது.

பிறகு சூடு. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மேசை மின்விசிறியை நேராகத் திருப்பி வைத்தேன். உள்ளே ஒரு பல்லி குடியிருந்தது. சூட்டுக்கு வந்திருக்கும் போல. பிடித்து வெளியே விட்டேன், சாயங்காலம் திரும்பி வந்துவிட்டது. மறுபடி விட்டேன். பல்லியோடு ஓட்டிப் பார்த்தேன், பல்லி இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு முறையும் அணைந்தது. ஆகவே பல்லி குற்றவாளி இல்லை என்று நோட்டில் எழுதி, அதை அங்கேயே இருக்க விட்டுவிட்டேன்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? செவ்வாய்க்கிழமை நான் தனியாக ஓட்டினால் அணைவதில்லை. வெள்ளிக்கிழமை தனியாக நான்கு மணி நேரம் ஓட்டினேன், மலை ஏறி இறங்கினேன், ஒன்றுமில்லை. ஞாயிறு மட்டும். உட்கார்ந்து யோசித்தேன். ஞாயிறு பதினொன்றரைக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கறிக்கு மசாலா அரைப்பார்கள். இருபது மிக்ஸி ஒரே நேரத்தில் ஓடினால் வோல்டேஜ் என்ன ஆகும்? கண்டுபிடித்துவிட்டேன் என்று யு.பி.எஸ். வாங்கினேன். சுவரில் யு.பி.எஸ்., அதில் ஜங்ஷன் பாக்ஸ், அதில் கம்ப்யூட்டர். தெருவுக்கே கரண்ட் போனாலும் என் லாரி நிற்காது. ஞாயிறு வந்தது, பெண் வாயைத் திறந்தாள், நின்றது.

சரி, இரண்டு லாரி என்றால் கிராபிக்ஸ் கார்டுக்கு இரட்டைப் பாரம். அதைப் படம் வரைகிற அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாய் கடையில் வேறு ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். நின்றது. கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாற்றினேன். நின்றது. கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய்ப் பாயிடம் போட்டேன். அவர் இரண்டு நாள் இடைவிடாமல் விளையாட்டை ஓடவிட்டார். அவர் கடையில் மகராசன் மாதிரி ஓடுகிறது. "உங்க பெட்டியில ஒண்ணுமே இல்லண்ணே, நான் சத்தியமே பண்றேன்" என்றார். உங்கள் கடையில் ஞாயிறு லீவு, ஞாயிறு வைத்துப் பாருங்கள் என்றேன். அன்றிலிருந்து நான் போனால் பாய் தொழுகைக்குப் போயிருக்கிறார் என்று சொல்கிறார்கள். ஒரு மனிதர் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரைக்கும் தொழுவாரா?

என்ன கேட்டீர்கள்? ஜங்ஷன் பாக்ஸ் எங்கே இருக்கிறதா? நல்ல கேள்வி. அதுதான் நான் செய்ததிலேயே உருப்படியான வேலை. எங்கள் வீட்டில் வழுவழு டைல்ஸ். பெடலை மிதித்தால் அது வழுக்கி முன்னால் ஓடிவிடும். மேட்டில் நிற்கிற லாரிக்குச் சக்கரத்தில் கல் வைப்போம் இல்லையா, அதுபோல ஒரு அடை வேண்டும். ஜங்ஷன் பாக்ஸ் சரியான அளவு. பெடலுக்கும் சுவருக்கும் நடுவில் சொருகிவிட்டேன். கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது. பிரேக் பெடலின் மூக்கு, கம்ப்யூட்டரின் பிளக் மேல் சாய்ந்த மாதிரி இருக்கும். அசையவே அசையாது. ஒவ்வொரு முறை அணைந்ததும் காலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்ப்பேன், விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே அதை நோட்டில் சேர்க்கவே இல்லை.

ஏன் தம்பி சிரிக்கிறீர்கள்? என் வீட்டுக்காரியும் இப்படித்தான் சிரித்தாள்.

வளர்மதி. அதோ முன்னால் பெண்கள் வரிசையில், பச்சைப் பட்டு. அவள்தான். ஞாயிறானால் அவள் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பாள். போன மாதம் கடைசி ஞாயிறு திரை அணைந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, கோளாறு பொட்டியில இல்ல, உங்க கால்ல இருக்குது. அவ வாயத் தொறந்தா உங்க காலு பிரேக்க ஓங்கி மிதிக்குது. நானும் நாலு வாரமா பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கறேன்" என்றாள். வெங்காயம் உரிக்கிறவள் கம்ப்யூட்டர் நோய் சொல்கிறாள். பிளக், பெடல், கால் என்று மூன்றையும் சேர்த்து ஏதோ சொன்னாள். சரி, தாரணி என்னதான் சொல்ல வருகிறாள், உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், ஆனால் அதை அவளே உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நிற்கிறாள், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டாள். போனில் சொன்னால் நீங்கள் என்னிடம் கொடுத்துவிடுவீர்களாம். நியாயம்தான், கொடுத்துவிடுவேன்.

போன ஞாயிறுதான் முடிவு. 'அப்பா, அவங்க வீட்ல' என்றாள், அணைந்தது. உடனே போன் செய்தேன். எப்போதும் பரவாயில்லை அப்பா, அடுத்த வாரம் என்பாள். அன்று அப்படிச் சொல்லவில்லை. "இது சரியாகற வரைக்கும் லாரி வேணாம்ப்பா. என்னால முடியல. பொட்டிய எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க" என்றாள்.

லாரி வேண்டாம் என்றுவிட்டாள், தம்பி. அதற்குப் பிறகு எனக்கு எடைமேடையில் கழித்தல் வரவில்லை. வெறும் வண்டியைச் சரக்கு வண்டியை விட அதிகமாக எழுதிவிட்டேன், டிரைவர் வந்து, அண்ணே, நான் உங்களுக்கு மக்காச்சோளம் கொடுத்தேனா, வாங்கினேனா என்று கேட்டான். இது சரியாகவில்லை என்றால் எனக்கு ஞாயிறு கிடையாது. அதனால்தான் பெட்டியை மேலே வைக்க மாட்டேன் என்றேன்.

ஓசூரில் நல்ல ஆள் இருக்கிறாராம். அந்தக் கிளாட்வின் உதிரிபாகம் இல்லையாம், ஆளாம். தாரணி அலுவலகத்தில்தான் வேலை, கம்ப்யூட்டர் கோளாறு எல்லாம் அத்துப்படியாம். நாளைக்கு ஞாயிறு, மத்தியானம் வந்து பார்க்கிறாராம். வளர்மதிதான் சொன்னாள். அவருடைய அம்மாவும் நாகர்கோவிலிலிருந்து வருகிறார்களாம். எனக்கு அது மட்டும் விளங்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ். பார்க்க வருகிற பையன் அம்மாவை எதற்கு அழைத்து வருகிறான்? ஒருவேளை அந்த அம்மாவுக்கும் தொழில் தெரியுமோ என்னவோ.

வளர்மதியும் பாருங்கள், காலையிலிருந்து ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறாள். கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் பட்டு எதற்கு என்று கேட்டேன், ஓசூர் குளிரும் என்றாள். பையில் ஆப்பிள், மாதுளை, வெற்றிலை, இரண்டு முழம் பூ. மெக்கானிக்குக்குப் பூ எதற்கு என்றேன். அவர் அம்மாவுக்கு என்றாள். என்னையும் சவரம் செய்ய வைத்துவிட்டாள். செய்துகொண்டேன். நல்ல மெக்கானிக் கிடைப்பது கஷ்டம், மரியாதையாகப் போனால்தான் கவனித்துப் பார்ப்பார்கள்.

நோட்டையும் கொண்டுவந்திருக்கிறேன். எல்லாக் கட்டத்தையும் அவருக்குப் படித்துக் காட்டப்போகிறேன். குறிப்புக் கட்டத்தை மட்டும் விட்டுவிடலாம். ஏன் என்று தெரியவில்லை, நேற்று இரவு மில்லில் லாரி இல்லாத நேரத்தில் அந்தக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தேன். ஒரே மூச்சில் படித்தால் ஒரு கடிதம் மாதிரி இருந்தது. நடுவில் தக்காளியும் பூனையும் வந்தது, இருந்தாலும் கடிதம் மாதிரிதான் இருந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஒரு நிமிடம், போன் அடிக்கிறது. தாரணிதான்.

"சொல்லு கண்ணு... தொப்பூர் ஏறிக்கிட்டு இருக்கறோம்... பொட்டி மடியிலதான் இருக்குது, அதுக்கு ஒண்ணும் ஆகல... அம்மா முன்னாடி உக்காந்திருக்குது, குடுக்கட்டுமா?... எங்கிட்டயா?... நாங்க வந்து சேர்றதுக்குள்ளயா?... சரி. சரி சொல்லு."

...

அடடா, தம்பி, மன்னித்துவிடுங்கள். பலமாக மிதித்துவிட்டேனா? தெரியும், தெரியும். டிரைவர் பிரேக் போடவில்லை. பஸ் பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

எடுக்காதீர்கள், உங்கள் காலை எடுத்துவிடாதீர்கள். சிரமம்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும், கீழே எதையாவது மிதித்துக்கொண்டிருந்தால்தான் எனக்குக் கேட்க முடியும் போலிருக்கிறது. முன்னால் வளர்மதி வேறு திரும்பிப் பார்க்கிறாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கிறாள்.

"இல்ல கண்ணு, கட் ஆகல. இருக்கறேன். நீ சொல்லு."